ஒரு ஸ்கேனரில் 143, இன்னொன்றில் பூஜ்யம்

சிவகாசியில் மாமா வீட்டுக் கணினி. உளவு நிரல்களைத் தேடும் இலவச ஸ்பைவேர் ஸ்கேனர் ஒன்று சிவப்பு எழுத்தில் 143 அச்சுறுத்தல்கள் என்றது. அதே கணினியில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பச்சை டிக் போட்டு, அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்றது. எதை நம்புவது என்று மாமா கேட்டார். ரெண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று மட்டும் அப்போது சொல்ல முடிந்தது. ஏன் என்று சொல்ல ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டியிருந்தது.

மாமா அச்சகங்களுக்குத் தமிழ்த் தட்டச்சு செய்து கொடுப்பவர். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு என்று வீட்டில் உட்கார்ந்தே அடித்து மெயிலில் அனுப்பிவிடுவார். அவர் பையன் அதே பெட்டியில் கேம் விளையாடுவான். ஸ்கேனரை நிறுவியது அவன்தான். "143 வைரஸாம்ல மாப்ளே, பெட்டியையே மாத்திரணுமோ?" என்றார் மாமா. "இப்போதே சரிசெய்" என்ற பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று திரையின் அடியில் இருந்தது. அழுத்தினால் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறது.

அழுத்தாமல், முடிவுகளை உரைக்கோப்பாகச் சேமித்து, ஒரு விரிதாளில் கொட்டி, அச்சுறுத்தலின் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினேன். ஸ்கேனர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்வேன். ஸ்கேனர் தன் திரையில் காட்டும் வரிசை பயமுறுத்துவதற்கு ஏற்றது, படிப்பதற்கு ஏற்றதல்ல. பெயர்வாரியாக அடுக்கியதும் 143 என்பது சில குவியல்களாகப் பிரிந்துவிட்டது.

பெரிய குவியல் 102 வரிகள். எல்லாமே டிராக்கிங் குக்கி. விளம்பர நிறுவனங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னத் தரவுத் துணுக்குகள் இவை. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று பின்தொடர உதவும் என்பதால் அந்தரங்கத்துக்குக் கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் குக்கி நிரல் அல்ல. அது தானாக ஓடாது, விசை அழுத்தங்களைப் பதிவு செய்யாது, கோப்பைத் திறந்து பார்க்காது. பிரவுசர் அமைப்பில் போய் அழித்தால் போய்விடும், மறுநாள் செய்தித்தாள் தளம் ஒன்றைத் திறந்தால் திரும்ப வந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஸ்பைவேர் நீக்கிகள் இவற்றையும் எண்ணிக் காட்டின. அந்தப் பழக்கத்தைச் சில ஸ்கேனர்கள் இன்னும் விடவில்லை. விடாததற்குக் காரணம் இருக்கிறது: எண் பெரிதானால் பொத்தானை அழுத்துபவர்களும் அதிகம்.

இது வெறும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் ஆபிஸ் டிப்போ கடைகளில் 'பிசி ஹெல்த் செக்' என்று ஒரு இலவசப் பரிசோதனை நடந்தது. தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரம் குதிக்கிறதா என்பதுபோல நான்கு கேள்விகள். அவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று டிக் போட்டாலே, ஸ்கேன் என்ன பார்த்ததோ இல்லையோ, மால்வேர் என்ற தீம்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். 2019 மார்ச்சில் அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் ஆபிஸ் டிப்போவும் மென்பொருள் தந்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தன.

சரி, குக்கிகளைத் தள்ளினால் மீதி 41. அதில் 33 வரிகள் ஒரே பெயர் கொண்டவை, 'பியூபி' என்று தொடங்குபவை. வேண்டாத நிரலாக இருக்கலாம் என்பதன் சுருக்கம் அது. வீடியோவை ஆடியோவாக மாற்றும் ஏதோ ஒரு இலவச நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்த பிரவுசர் நீட்சி, அதாவது எக்ஸ்டென்ஷன். இங்கே 33 பூச்சிகள் இல்லை, இருப்பது ஒன்றுதான். அதன் ஃபோல்டர் ஒரு வரி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு வரி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் ஒவ்வொரு பதிவும் ஒரு வரி.

இதை நீக்கும்போது ஒரு சிக்கல். குரோமில் நீட்சியை எடுக்கும் பொத்தானே இல்லை. மூன்று புள்ளி மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று போட்டிருந்தது. மாமாவுக்கு ஏது நிறுவனம்! அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களின் குரோமில் ஒரு நீட்சியைக் கட்டாயமாக ஏற்ற ஒரு வசதி உண்டு. ரெஜிஸ்ட்ரியில் 'பாலிசீஸ்' என்ற கிளையில் அந்த நீட்சியின் அடையாள எண்ணை எழுதினால் போதும். வேண்டாத நீட்சிகள் அதே வழியில் நுழைகின்றன. முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று அடித்தால் யார் என்ன விதி போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அந்த ரெஜிஸ்ட்ரி பதிவை அழித்தபின் நீட்சி போனது. பாலிசி இல்லாமலேயே திரும்பத் திரும்ப வந்தால் குரோமின் ஒத்திசைவைப் பாருங்கள். அதே கூகுள் கணக்கில் இருக்கும் இன்னொரு கணினி அதை மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

மிஞ்சியது எட்டு வரிகள். என் நேரம் முழுக்க இந்த எட்டில்தான் போனது. ஆபிஸ் மென்பொருளைக் காசில்லாமல் ஆக்டிவேட் செய்யும் கருவி மூன்று வரி: கோப்பு, ஃபோல்டர், குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை. மாமாவின் தமிழ்த் தட்டச்சுக் கருவி இரண்டு வரி: சி டிரைவில் ஒரு பிரதி, டி டிரைவின் பழைய பேக்கப்பில் ஒரு பிரதி. எந்தத் தளப் பெயர் எந்த எண் முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒரு வரி. பாதுகாப்பு எச்சரிக்கைகளை யாரோ அணைத்துவைத்திருப்பதாக ஒரு வரி. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சுருக்கிக் கட்டிய ஒரு ரார் கோப்பு.

தட்டச்சுக் கருவியிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் ஸ்கேனர் அதைக் 'கீலாகர்' என்றது. விசை அழுத்தங்களை ஒட்டுக்கேட்கும் நிரல் என்று பொருள். மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது; அது இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பவர், தமிழ்99 விசை அமைப்புக்கு மாறமாட்டார். இந்தக் கருவி என்ன செய்கிறது? நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் மற்ற நிரல்களுக்குப் போகும் முன்னால் வழிமறித்து, ஆங்கில எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. கீலாகரும் வழிமறிக்கத்தான் செய்கிறது. ஆக ஸ்கேனர் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறது. மறு பாதி, பிடித்த எழுத்தை அது எங்கே எழுதிவைக்கிறது, யாருக்கு அனுப்புகிறது என்பது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'புராசஸ் மானிட்டர்' என்று ஓர் இலவசக் கருவி உண்டு. ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது, எங்கே இணைகிறது என்று வரிவரியாகக் காட்டும். அதை ஓடவிட்டு மாமாவை ஒரு பக்கம் அடிக்கச் சொன்னேன். தன் எழுத்துரு வரைபடக் கோப்பைத் திறந்து படித்ததைத் தவிர அந்தக் கருவி எதையும் எழுதவில்லை, வெளியே எங்கும் இணையவில்லை.

அடுத்து விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் அதன் ஷா-256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, எடுத்து வைரஸ்டோட்டலில் தேடினேன். 2004-ல் ஸ்பெயினின் மாலகாவில் தொடங்கி, 2012-ல் கூகுள் வாங்கிய சேவை. ஒரு கோப்பைப் பற்றி எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் பார்க்கலாம். கோப்பைப் பதிவேற்றாமல் எண்ணை மட்டும் தேடுவதே என் வழக்கம். ஏற்றும் கோப்பு அவர்களின் கட்டணச் சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். ஆதார் நகலையோ வங்கி அறிக்கையையோ சந்தேகத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

அங்கே ஐந்து ஆன்டிவைரஸ்கள் குறை சொல்லியிருந்தன, ஐந்தும் ஐந்து பொதுப்பெயர்கள். நான் அதில் எண்ணிக்கையைவிடப் பெயர்களைப் பார்ப்பேன். நிஜமான தீம்பொருள் என்றால் பல கம்பெனிகள் ஒரே குடும்பப் பெயரைச் சொல்லும். ஆளுக்கொரு பொதுப்பெயர் சொன்னால் பெரும்பாலும் ஊகம். முதன்முதலில் எப்போது பதிவானது என்ற தேதியும் முக்கியம். இந்தக் கோப்பு பல வருடங்களாக அங்கே இருந்தும் பெரிய கம்பெனிகளில் பல அதைக் கண்டுகொள்ளவில்லை.

இதற்கு நடுவில்தான் விஷயம் திரும்பியது. டிஃபெண்டர் என்ன சொல்கிறது என்று பார்க்க டி டிரைவை மட்டும் ஸ்கேன் செய்தேன். பேக்கப்பில் இருந்த பிரதியைப் பிடித்து 'ட்ரோஜன்:வின்32/வாகடாக்.பி!எம்எல்' என்றது. அதே கருவி சி டிரைவில் இருக்கிறது, அதே ஷா-256 எண், ஒரு எழுத்து மாறவில்லை. அதை ஸ்கேன் செய்தால் பூஜ்யம்!

பெயரை முதலில் பிரித்துவிடுகிறேன். டிஃபெண்டரின் பெயர்கள் 1991-ல் உருவான காரோ என்ற பெயரிடும் முறையைத் தழுவியவை: வகை (ட்ரோஜன் என்றால் நல்ல நிரல் வேடத்தில் வரும் தீம்பொருள்), இயங்குதளம், குடும்பம், திரிபு, கடைசியில் ஆச்சரியக்குறியோடு ஒரு குறிப்பு. 'எம்எல்' என்று முடிந்தால் இயந்திரக் கற்றலில் பழகிய மென்பொருள் ஒன்று தோற்றத்தை வைத்துச் செய்த ஊகம். இந்தப் பெயரில் உண்மையான தீம்பொருளும் மாட்டும், தனியாள் எழுதிய, வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பமில்லாச் சின்ன நிரல்களும் மாட்டும். அதனால் பெயர் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஒரே கோப்பு ஒரு டிரைவில் குற்றவாளி, இன்னொரு டிரைவில் நிரபராதி என்பதுதான் இடித்தது.

யோசித்தால், ஆபிஸ் ஆக்டிவேட்டரையும் டிஃபெண்டர் சொல்லவில்லை. அதை 'ஹேக்டூல்:வின்32/ஆட்டோகேஎம்எஸ்' என்று கத்தாத டிஃபெண்டரை நான் பார்த்ததில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது ஸ்கேனிலிருந்து விலக்கு கொடுத்தவற்றின் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி: சி டிரைவ், முழுவதும். காவலுக்கு ஆளை வைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாதே என்று சொல்லிவைத்த கதை. டிஃபெண்டரின் பூஜ்யத்துக்கு அதுதான் பொருள்.

யார் போட்டது? டிஃபெண்டர் தன் அமைப்பு மாறும்போதெல்லாம் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 5007 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு எழுதும்; எந்தப் பாதைக்கு விலக்கு கொடுக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கும். ஆனால் பதிவேட்டுக்கு அளவு வரம்பு உண்டு; பழையவை உருண்டு போய்விட்டிருந்தன. ஆக்டிவேட்டர் ஃபோல்டர் உருவான நாளும் விண்டோஸ் நிறுவிய நாளும் ஒன்று. கணினியை ஃபார்மட் செய்து கொடுத்த கடையில் ஆபிஸும் சேர்த்துப் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் தின்றுவிடாமல் இருக்க முழு டிரைவுக்கும் விலக்கு, கேள்வி எழாமல் இருக்க எச்சரிக்கைகளும் அணைப்பு. அணைக்கப்பட்ட எச்சரிக்கை பற்றிய அந்த ஒரு வரிக்கு விடை கிடைத்தது.

ஆக்டிவேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே ஒரு உரிமச் சர்வரை வைத்து எல்லாக் கணினிகளுக்கும் 180 நாள் உரிமம் கொடுக்கும் முறைக்குக் கேஎம்எஸ் என்று பெயர். இந்தக் கருவி உங்கள் கணினியிலேயே போலிச் சர்வர் ஒன்றை எழுப்பி, 180 நாள் தீரும் முன் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் டாஸ்க் ஷெட்யூலர் வேலை, அதுவும் கணினியின் உச்ச அதிகாரத்தில். ஹேக்டூல் என்ற வகைப் பெயருக்கு உளவு நிரல் என்று அர்த்தமில்லை. ஆனால் அதற்காகத் திறந்துவைத்த கதவு எல்லோருக்கும் திறந்ததுதான்.

ஹோஸ்ட்ஸ் கோப்பும் அதே வம்சம். நோட்பேடில் திறந்து படித்தாலே புரிந்துவிடும். ஒரு தளத்தின் பெயருக்கு முன்னால் 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று இருந்தால் அந்தத் தளத்துக்குப் போகவிடாமல் தடுப்பது. வேறு ஏதாவது எண் இருந்து, பக்கத்தில் வங்கியின் பெயர் இருந்தால் உங்களைப் போலித் தளத்துக்குத் திருப்புவது. அது நிஜமான ஆபத்து. இங்கே இருந்ததெல்லாம் பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருளின் உரிமச் சர்வர்களைத் தடுக்கும் வரிகள்.

விலக்கை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓடவிட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க், மாமி இரண்டு முறை காபி கொடுத்துவிட்டார். எதிர்பார்த்த மூன்று பேரும் வந்தார்கள்: ஆக்டிவேட்டர், தட்டச்சுக் கருவி, ஹோஸ்ட்ஸ். நான்காவதாக ஒன்று வந்தது. 'ட்ரோஜன்ஸ்பை:எம்எஸ்ஐஎல்/ஏஜென்ட்டெஸ்லா'. 143 கண்டுபிடித்த ஸ்கேனரின் பட்டியலில் இது இல்லை.

உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். இந்தப் பெயரில் ஊகக் குறிப்பு இல்லை. வகையே உளவு என்கிறது, குடும்பம் தெளிவானது. ஏஜென்ட் டெஸ்லா 2014 முதல் உலவும் கீலாகர். விசை அழுத்தங்களையும் திரையில் தெரிபவற்றின் படங்களையும் பிடிக்கும், பிரவுசரிலும் மெயில் நிரலிலும் சேமித்த கடவுச்சொற்களை அள்ளும், அள்ளியதை மெயிலாகவோ கோப்பு அனுப்பும் முறையான எஃப்டிபி வழியாகவோ டெலிகிராமுக்கோ அனுப்பும். கொட்டேஷன், இன்வாய்ஸ், ஆர்டர் என்ற பெயரில் மெயில் இணைப்பாக வருவது அதன் வழக்கம். டவுன்லோட்ஸில் ஸ்கேனர் காட்டிய ரார் கோப்பின் பெயரிலும் கொட்டேஷன் இருந்தது. பக்கத்திலேயே அதைப் பிரித்த ஃபோல்டர். உள்ளே பிடிஎஃப் படம் ஒட்டிய ஒரு இஎக்ஸ்இ, அதாவது திறந்தால் ஓடும் நிரல். அச்சகத்துக்காரர்களுக்குத் தினமும் கொட்டேஷன் மெயில் வரும். மாமா அதைத் திறந்ததில் வியப்பில்லை.

இந்த இடத்தில் பெயரும் இடமும் தெரிந்தால் போதாது, ஆள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிஸ்இன்டர்னல்ஸின் 'ஆட்டோரன்ஸ்' கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவை அனைத்தையும் காட்டும். மஞ்சள் வரி என்றால் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை. பெரும்பாலும் நீக்கிய நிரல்களின் எச்சம். இளஞ்சிவப்பு என்றால் வெளியிட்டவர் யார் என்ற விவரமோ செல்லுபடியாகும் கையொப்பமோ இல்லை. பயனரின் 'ரன்' பதிவில் ஒரு இளஞ்சிவப்பு வரி, பிரிண்டர் அப்டேட் போல ஒரு பெயர், பாதை நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் ஃபோல்டர். டிஃபெண்டர் சொன்ன அதே கோப்பு. ஒவ்வொரு முறை மாமா கணினியைப் போட்டபோதும் அதுவும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறது.

டிஃபெண்டர் அதை ஓடமுடியாதபடி ஒதுக்கிவைக்கும் குவாரன்டைனில் போட்டுவிட்டது. அதோடு முடிந்ததாக நான் நினைக்கவில்லை. விலக்கு இருந்த காலம் முழுக்க இந்தக் கணினியில் வேறு என்ன வந்துபோனது என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. போன கடவுச்சொல்லையும் ஸ்கேன் திருப்பித் தராது. அதனால் முதலில் மாமாவின் ஃபோனில், வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில், மெயில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். மெயிலில் யாரும் ஃபார்வர்ட் விதி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்தோம்; இல்லை. அப்புறம் நெட்பேங்கிங், ஐடியும் கடவுச்சொல்லும். வங்கிக் கணக்கு அறிக்கையைப் பின்னோக்கிப் பார்த்ததில் தெரியாத பரிவர்த்தனை எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்றே 1930-க்கு அடித்திருப்போம். சைபர் பண மோசடிக்கான இந்திய உதவி எண் அது, சீக்கிரம் அழைத்தால் பணம் போன இடத்தில் முடக்க வாய்ப்பு உண்டு.

பிறகு சி டிரைவைத் துடைத்து விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய நிறுவியால் போட்டேன், நிறுவியைத் தயாரித்தது என் மடிக்கணினியில். விண்டோஸுக்கு உரிமம் வாங்கிவிட்டார் மாமா, முனகிக்கொண்டே. ஆபிஸுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ். அவர் பழைய கோப்புகளில் அட்டவணை போட்ட சிலது கொஞ்சம் கலைந்து திறக்கின்றன, மற்றவை பரவாயில்லை. வடிவமைப்பு மென்பொருளுக்கு மாற்று இன்னும் முடிவாகவில்லை, அதுவரை தட்டச்சு மட்டும் மாமா, வடிவமைப்பை அச்சகமே பார்த்துக்கொள்கிறது. பையனுக்குத் தனியாக சாதாரணக் கணக்கு, நிர்வாகி அதிகாரம் கிடையாது. மாமாவுக்கும் கிடையாது, நிர்வாகிக் கடவுச்சொல் மாமி நோட்டில் இருக்கிறது.

டி டிரைவிலிருந்து ஆவணங்களையும் எழுத்துருக்களையும் மட்டும் திரும்ப எடுத்தேன். இஎக்ஸ்இ என்று எடுத்தது தட்டச்சுக் கருவி ஒன்றுதான், ஷா-256 எண்ணைச் சரிபார்த்தபின். டிஃபெண்டர் வழக்கம்போல அதை மறுபடி பிடித்தது. இந்த முறை விலக்கு அந்த ஒரு கோப்புக்கு மட்டும். மைக்ரோசாஃப்டுக்குக் கோப்பு மாதிரிகளை அனுப்பும் பக்கத்தில் தவறான கண்டறிதல் என்று அதை அனுப்பியும் வைத்திருக்கிறேன், பதில் வந்ததும் அந்த விலக்கையும் எடுத்துவிடலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோப்புப் பெயரின் வால் தெரியும்படி டிக் போட்டுவிட்டேன். கொட்டேஷன் என்று வருவது பிடிஎஃப்-ஆ இஎக்ஸ்இ-யா என்று மாமா இப்போது பார்த்துவிட்டுத்தான் திறக்கிறார்; சந்தேகம் வந்தால் அனுப்பியவருக்கே ஃபோன் போட்டு, "அண்ணாச்சி, நீங்கதான் அனுப்புனீங்களா?" என்று கேட்கிறார்.